வராதவர்கள் பெட்டி

ஆலங்குடிக் கடைத்தெருவில் மேரி ஸ்டுடியோ வைத்திருந்த சூசைமாணிக்கத்துக்கு ஒரு வீம்பு இருந்தது. அடுத்தவர் எடுத்த படத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு குறை வராது. படத்தில் மாப்பிள்ளைக்குத் தலையே விழவில்லை என்றாலும், "வேட்டிக் கரை நல்லா வந்திருக்குங்க" என்பார். இதைக் கேட்ட ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்றது. தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. குறை சொன்னால் தனக்கும் ஒரு போட்டி உண்டென்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமே என்ற கர்வம்தான். அந்தக் கர்வம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது, அங்கிருந்து எப்படித் திரும்பி வந்தார் என்பதுதான் இந்தக் கதை.

சூசைமாணிக்கம் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, சமஸ்தான ஆட்சி போன மறு வருஷம், 1949-இல், ஆலங்குடிக்கு வந்து கடை போட்டார். கடை என்றால் ஓட்டு வீடுதான். வடக்குப் பக்கத்துக் கூரையில் ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி பதித்து, அதற்குக் கீழே வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார். வெளிச்சம் அதிகமானால் திரையை இழுப்பார், குறைந்தால் ஒதுக்குவார். அந்த வெளிச்சத்தில் ஒரு நாற்காலி, எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் பெரிய மரக் கேமரா, அதன் முதுகில் கருப்புத் துணி. படம் விழுவது கண்ணாடி பிளேட்டில்.

அவர் மனைவி அருள்ராணிக்கும் அந்தக் கேமரா அத்துப்படி. பினாங்கில் இருக்கும் கணவருக்குப் படம் அனுப்பவென்று கடற்கரை ஊர்களிலிருந்து இஸ்லாமியர் வீட்டுப் பெண்கள் கூண்டு வண்டியில் வருவார்கள். அந்த நேரம் சூசைமாணிக்கம் நாற்காலியைச் சரிபார்த்து வைத்துவிட்டு, பக்கத்து ஜவுளிக்கடை ஷேக் பரீது ராவுத்தரிடம் போய் உட்கார்ந்துகொள்வார். எடுப்பது, கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் அருள்ராணிதான். கடைசியில் பிளேட்டையும் துணியில் சுற்றி அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

"ஒங்க கடைக்கு மொதலாளி யாருன்னு எனக்கு இன்னும் வெளங்கலப்பா" என்பார் ராவுத்தர்.

"எனக்கு மட்டும் வெளங்கிருச்சாக்கும்?" என்பார் இவர்.

ஏழு வருஷம் இப்படி நல்லபடியாக ஓடியது. 1956 தீபாவளிக்கு எண்ணெய் மில் ஆவுடையப்பன் கழுத்தில் ஒரு கேமரா வந்து தொங்கியது. பினாங்கிலிருந்து மச்சினன் கொண்டுவந்த கேமரா. கண்ணாடி பிளேட் வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம். ஒரு பிலிம் சுருளைப் போட்டால் பன்னிரண்டு படம்.

ஆவுடையப்பனைப் பொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். வட்ட முகம், வட்ட வயிறு, அந்த வயிற்றின் மேல் கேமரா, குழந்தைகள் அழாமலிருக்கச் சட்டைப்பை நிறையக் கல்கண்டு. கல்யாணமா, காதுகுத்தா, கூப்பிட்டால் வந்துவிடுவார். கூப்பிடாவிட்டாலும் வருவார். காசு என்று யாராவது வாயெடுத்தால் முகம் சிவந்துவிடும். "நான் என்ன கூலிக்காரனா? பிரியத்துக்கு எடுக்குறேன்" என்பார். எடுத்த சுருள் மில் லாரியில் திருச்சிக்குப் போகும். படம் ஒரு மாதத்திலும் வரும், மூன்று மாதத்திலும் வரும். வந்தால் உள்ளங்கை அகலத்தில்தான் இருக்கும், அதில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேட வேண்டும். ஆனாலும் ஓசி. ஓசி என்ற சொல்லுக்கு முன்னால் எந்த வீட்டுக்காரருக்கும் கால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு மேளக்காரரையும் சமையல்காரரையும் போல போட்டோக்காரரையும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் சொல்லுவார்கள். வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னதை வேண்டாம் என்று சொல்லவும் வீட்டுப் பெரிய ஆள் நேரில்தான் வர வேண்டும். ஆள் விட்டுச் சொன்னால் அவமரியாதை. ஆகவே தை மாதம் தொடங்கி மேரி ஸ்டுடியோ வாசலில், ஒவ்வொருவராக, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நிற்க ஆரம்பித்தார்கள்.

சூசைமாணிக்கம் அவர்களிடம் வழக்காடவில்லை. "நம்ம முதலாளி நல்லா எடுப்பாருங்க" என்பார். பிறகு, "வந்தது வந்துட்டீங்க, இங்கிட்டு வந்து உக்காருங்க, ஒரு படம்" என்பார். திருச்சியில் தேதி கடந்த பிளேட்டுகளை மலிவாக வாங்கி, இருட்டறையில் நான்காக அறுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றைப் போட்டு, வேண்டாம் என்று சொல்ல வந்தவரை எடுத்துவிடுவார். கழுவி வைத்துக்கொள்வார், பிரிண்ட் போடமாட்டார். "மில்லுக்காரர் படம் வந்ததும் எடுத்துக்கிட்டு வாங்க. இதையும் போட்டுத் தாரேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க." அதுதான் அவருடைய வியாபார தந்திரம், மொத்தமும் அவ்வளவுதான்.

வந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் பிளேட்டெல்லாம் ஒரு தேயிலைப் பெட்டியில் சேர்ந்தன. அருள்ராணி அதற்கு வராதவங்க பெட்டி என்று பேர் வைத்தாள். ஒவ்வொரு பிளேட்டைச் சுற்றிய தாளிலும் அவளே அடையாளம் எழுதினாள். பேர் எழுதமாட்டாள். 'காதுல மயிரு', 'பொய் சொன்னவர்', இப்படி. ஒருவர் தன் மூத்த பெண் கல்யாணத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படத்துக்கு முகம் காட்டிவிட்டுப் போனார். மறுமாதம், போன தடவை தலை சீவாமல் வந்துவிட்டேன் என்று, மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வந்தார். அவருக்கு 'ரெண்டு தரம்' என்று எழுதி வைத்தாள்.

"ஓசியை ஓசியால ஜெயிக்கப் பாக்குறீகளே, ஒங்க மூளையைக் கொண்டுபோயி உப்புல போட்டு வைக்கணும்" என்று ஒரு நாள் பொரிந்து தள்ளினாள். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்த அவள் அண்ணன், அங்கே ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். "இந்த வைகாசி பாப்போம். முகூர்த்தமெல்லாம் மில்லுக்காரர் பக்கமே போச்சுன்னா, ஆடியில கடையை மூடிட்டுப் பொன்மலைக்குக் கெளம்பிரணும். சரியா?"

சரி என்றார். அந்த வைகாசியில் அவர் கையில் மிச்சமிருந்த பெரிய கல்யாணம் ஒன்றே ஒன்று. வடகாட்டு நல்லதம்பி வீட்டுக் கல்யாணம்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், நல்லதம்பி தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றார். பழத்தைப் பார்த்ததுமே அருள்ராணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"என்னங்க, பழமெல்லாம்?" என்றார் சூசைமாணிக்கம்.

"மரத்துல பழுத்துச்சு. சும்மாதான்." நல்லதம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "மில்லுக்காரரு, நானே வந்து எடுத்துத் தாரேன்னு சொல்லிப்புட்டாருங்க. கடலை பூராவும் அவுக மில்லுக்குத்தான் போடுறேன். எப்புடிங்க வேணாங்கிறது? நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிறப்படாது."

"இதுல நெனைக்க என்னங்க இருக்கு? நல்லா எடுப்பாரு."

"கோவமில்லையே?"

"கோவமா? இங்கிட்டு வந்து உக்காருங்க. ஒரு படம் எடுப்போம்."

"எனக்கெதுக்குங்க? கல்யாணம் பொண்ணுக்குல்ல?"

"பொண்ணப் பெத்தவரு மூஞ்சியும் ஒலகத்துக்குத் தெரியட்டும்."

நல்லதம்பி அதுவரை கேமரா முன்னால் உட்கார்ந்ததில்லை. கடலைக் கொல்லையில் வெயிலைத் தின்று வளர்ந்த உடம்பு, நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் இருந்தது. சூசைமாணிக்கம் லென்ஸ் மூடியைக் கழற்றி, வெளிச்சம் விழ வேண்டிய நொடிகளை எண்ணியபோது அவர் சிரித்தார். கீழ் உதடு உள்ளே மடங்க, ஒரு புருவம் மட்டும் மேலே போக, கண் நேரே பார்க்காமல் சற்றே விலகிப்போன சிரிப்பு. போகும்போது வாசலில் நின்று, "கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும், தம்பதியா வரணும்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

போனார்கள். சூசைமாணிக்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு ஒரு கல்யாணத்துக்குப் போனது அதுதான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் பிரகதாம்பாளின் கையைப் பிடித்து நல்லதம்பி மாப்பிள்ளை கையில் கொடுத்தபோது, ஆவுடையப்பன் மணையில் ஏறாத குறையாக நின்று படம் எடுத்தார். தாலி கட்டி முடிந்ததும் பன்னிரண்டும் முடிந்தன. சுருளை வெளியே எடுத்து, ஒட்டுத்தாளை நாக்கில் நனைத்து ஒட்டி, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு கொண்டுவரச் சொன்னார். அதன் நடுவில் சுருளை வைத்துப் பெண்ணின் தாயார் சொர்ணத்திடம் நீட்டினார்.

"இந்தா ஆத்தா, ஒம் மக கல்யாணம் பூராவும் இதுக்குள்ள இருக்கு. இது என் சீரு. சாமி மாடத்துல வச்சுக்க. லாரி திருச்சிக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்."

சொர்ணம் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, சுருளுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். சுற்றியிருந்த பெண்களுக்கெல்லாம் ஒரே பூரிப்பு.

சூசைமாணிக்கத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. பிரித்துப் பார்க்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், போட்டோக்காரன் வயிற்றெரிச்சலில் குறுக்கே பேசுகிறான் என்று நினைப்பார்களோ? அடுத்தவர் வேலையில் குறை சொல்வதில்லை என்ற வீம்பு வேறு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பேசாமல் பந்திக்குப் போனார். பாயசம் நன்றாக இருந்தது, இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

கல்யாணம் முடிந்து இருபதாம் நாள், சந்தைக்குப் போய்விட்டு மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு வந்த நல்லதம்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே சாய்ந்தார். மாடுகள் வழி தெரிந்து வீடு வந்து சேர்ந்தன. அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

உடலை எடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் அவருக்கு ஒரு படம்கூட இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. "ஏன் இல்ல? கல்யாணச் சுருள்ல இருக்காருல்ல" என்றார் ஒருவர். அழுது ஓய்ந்திருந்த பிரகதாம்பாள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா, எங்கப்பா என் கையப் புடிச்சுக் குடுத்தது அதுல இருக்கு. எனக்கு அது போதும்" என்றாள். அடுத்த லாரி, அடுத்த லாரி என்று ஆவுடையப்பன் தள்ளிப்போட்டதில் சுருள் இன்னமும் சாமி மாடத்தில்தான் இருந்தது. சொர்ணம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. துக்கத்தில் பேச்சு அடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதிக்குள் படம் வேண்டும், திருச்சிக்கு அனுப்பினால் ஆகாது. ஆவுடையப்பன் அந்தச் சுருளை மஞ்சள் துணியில் முடிந்தபடியே எடுத்துக்கொண்டு மேரி ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தார்.

"சூசை, ஒன் வாசல்ல வந்து நிக்க எனக்கு மொகமில்லதான். ஆனா அந்தப் புள்ளைக்கு அவுக அப்பன் மொகம் வேணும். நீ கழுவினாத்தான் நல்லா இருக்கும்."

"உக்காருங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு, சூசைமாணிக்கம் உள்ளே போய் முடிச்சை அவிழ்த்தார். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. ஆனால் ஒட்டுத்தாள் கிழிந்து, மறுபடியும் ஒட்டப்பட்டிருந்தது. எதை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சோற்றுப் பருக்கை.

கல்யாணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால், எந்தத் தாய்தான் பிரித்துப் பார்க்கமாட்டாள்? வீட்டுப் பெண்கள் கூடி, முற்றத்து வெயிலில் நீளமாக விரித்துப் பிடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் காணோம் என்றதும் பயந்துபோய்ச் சுருட்டி, சோற்றைத் தொட்டு ஒட்டி, மாடத்தில் வைத்துவிட்டார்கள்.

இருந்தாலும் ஒரு நப்பாசை. மண்பானைத் தண்ணீரில் மருந்து கரைத்து, இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சுருளைப் பிரிக்கும்போது உள்ளிருந்து ஏதோ விரலில் உறுத்தியது. அட்சதை அரிசி ஒன்று. கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது பிலிம் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை கரிக்கட்டையாக இருந்தது.

அந்த ஒட்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சூசைமாணிக்கம் இருட்டறையிலேயே நின்றார். இதை வெளியே கொண்டுபோய்க் காட்டினால், கழுவாத சுருளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிய மனுஷனை இனி எந்த வீட்டிலும் படம் எடுக்கக் கூப்பிடமாட்டார்கள். ஒரே வாரத்தில் ஊர் மொத்தமும் இங்கே வந்துவிடும். பொன்மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆனால் சொர்ணம்? புருஷன் முகத்தைத் தன் கையாலேயே அழித்தவள் என்று அவள் சாகும்வரை சொல்லுவார்கள். பெற்ற மகளே சொன்னாலும் சொல்லுவாள். அன்றைக்குப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பாயசம் குடித்தவன் யார் என்றும் மனசு கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"முதலாளி, தண்ணி சூடா இருந்திருக்கு. நான் கவனிக்கல. பிலிம் பூராவும் போச்சு. தப்பு எம்மேலதான்."

ஆவுடையப்பனின் வட்ட முகம் கோணிக்கொண்டது. "எம்மேல இருந்த கோவத்த அந்தப் பாவப்பட்டவ தலையில எறக்கிட்டியே சூசை" என்றார். அழுதுகொண்டே தெருவில் இறங்கிப் போனார். அந்தச் சொல் சூசைமாணிக்கத்துக்குப் பச்சை மிளகாயைக் கண்ணில் தேய்த்தது போல இருந்தது.

மாலைக்குள் கடைத்தெரு முழுவதும் செய்தி. வெந்நீரில் பிலிம் கழுவினவர் என்று பேர் விழுந்தது. ஷேக் பரீது ராவுத்தர் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எட்டு வருஷமா ஒங்கள பாக்குறேன். கோடையில காலையில எந்திரிச்சு மண்பானைத் தண்ணி எடுத்து வைக்கிற ஆளு. யாருகிட்ட கதை விடுறீங்க?" என்றார். பிறகு தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

அருள்ராணியிடம் மறைக்க முடியாது. ஒட்டுத்தாளைக் காட்டிச் சொன்னார். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நம்ம பொழப்பு?"

"அன்னைக்கு நானும் பாத்தேன் ராணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயத் தொறக்கல."

"நல்ல வாயி! தொறக்க வேண்டிய அன்னைக்குப் பாயசம் குடிச்சுச்சு. மூட வேண்டிய அன்னைக்குத் தானா தொறந்துருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, வாங்க. ஆடி வரைக்கும் என்னத்துக்கு? இப்பவே மூட்டையக் கட்டுவோம். இந்தா இந்தக் குப்பையையும் பொன்மலைக்குத் தூக்கணுமா?"

கோபத்தில் அவள் இழுத்த இழுப்பில் தேயிலைப் பெட்டி தரையில் உராய்ந்து வந்தது. உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. இழுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், "பலாப்பழம்."

அவர் பாய்ந்து வந்து பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். ரெண்டு தரம், பொய் சொன்னவர், காதுல மயிரு என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்கள். ஒன்பதாவது தாளில் அருள்ராணியின் கையெழுத்தில் 'பலாப்பழம்' என்று இருந்தது. தாளைப் பிரித்துக் கூரைக் கண்ணாடிப் பக்கம் தூக்கிப் பிடித்தார். தேதி கடந்த பிளேட், ஓரத்தில் கொஞ்சம் மங்கல். நடுவில் நல்லதம்பி குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது, அதை ஒருவருக்கொருவர் மறைக்கவும் இல்லை.

பெரிதாகப் பிரிண்ட் போட்டார். போட்டு முடித்ததும் ஒரு சந்தேகம். மாலை போட்டு மாட்டுகிற படத்தில் யாரும் இப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். முகம் நேராக, கம்பீரமாக இருக்க வேண்டும். பென்சிலால் உதட்டைக் கொஞ்சம் திருத்தி, புருவத்தை இறக்கிவிட்டால் சரியாகிவிடும். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

அருள்ராணி அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். "அந்த மனுஷன் மூஞ்சியைத் திருத்த நீங்க யாரு?"

கருமாதிக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் வடகாடு போனார்கள். சூசைமாணிக்கத்தைக் கண்டதும் வீட்டில் பேச்சு நின்றது. ஆவுடையப்பன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அருள்ராணி நேராக உள்ளே போய், சொர்ணத்தின் மடியில் படத்தை வைத்துத் துணியை விலக்கினாள்.

சொர்ணம் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது, எல்லோரும் அழுகை என்றுதான் நினைத்தார்கள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"இந்தாடி, ஒங்கப்பனப் பாரு" என்று மகளைப் பக்கத்தில் இழுத்தாள். "ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தா இப்புடித்தானே நிப்பாரு. சந்தையில ஏமாந்து மாட்டைப் புடிச்சாந்த அன்னைக்கும் இதே சிரிப்புத்தான். என்னத்தப் பண்ணுனாரு? இந்தப் படத்துல என்ன தப்புப் பண்ணுனாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்றார் சூசைமாணிக்கம் கதவோரம் நின்றபடி. "மில்லுக்காரர் படம் எடுக்குறாரு, நீங்க வேணாமுன்னு எங்கிட்ட சொல்ல வந்தாரு. சொல்ல வாய் வராம, பலாப்பழத்தக் குடுத்துட்டு ஒக்காந்திருந்தாரு."

பிரகதாம்பாள் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூலையிலிருந்து ஆவுடையப்பன் எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார், சூசைமாணிக்கத்தைப் பார்த்தார், சட்டைப்பையைத் துழாவி, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கல்கண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். சொர்ணம் சூசைமாணிக்கத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது. சுற்றிலும் ஊரே இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெட்டிக் கதை ஊரெல்லாம் பரவி, அந்த வாரத்திலிருந்து மேரி ஸ்டுடியோவுக்கு ஆள் வர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் 'ரெண்டு தரம்'. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, "அந்தப் பெட்டியில நான் இன்னும் இருக்கேனுங்களா?" என்று கேட்டார். அப்புறம் 'காதுல மயிரு' வந்தார், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. தன் முகம் ஒரு கண்ணாடித் துண்டில் எங்கோ ஒரு வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு மனுஷர்களைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. தங்கள் படத்தை வாங்க வந்தவர்கள் அடுத்த கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார்கள். ஆனி போய் ஆடியும் வந்தது. பொன்மலைக்கு யாரும் போகவில்லை. வெந்நீரில் கழுவினவர் என்ற பேர் மட்டும் போகவில்லை. கல்யாண வீடுகளில் சின்னஞ்சிறுசுகள்கூட, "தண்ணி ஆறிருச்சான்னு பாத்துக்கங்க" என்று அவரைச் சீண்டுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "விரல விட்டுப் பாத்துட்டேன்" என்பார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கமாட்டார்.

ஆவுடையப்பன் கேமராவை விடவில்லை. ஆனால் எங்கே போனாலும், "பெரிய படத்துக்குச் சூசையைச் சொல்லுங்க. நான் புள்ளைகள எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், குழந்தைகளை அவர் எடுத்த படங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும். சூசைமாணிக்கமே அதைச் சொல்லுவார், இந்தத் தடவை கர்வம் இல்லாமல்.

1963 சித்திரையில் ஒரு காலை, சொர்ணம் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெற்றிலை பாக்கை நாற்காலி மேல் வைத்தாள். வைத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"அந்தச் சுருளப் பிரிச்சது நாந்தேன்" என்றாள். "நாத்தனாருக எல்லாம் காட்டு காட்டுன்னாளுக. முத்தத்துல விரிச்சுப் பாத்தோம். ஒண்ணையும் காணோம். பயந்துபோயி சோத்தத் தொட்டு ஒட்டி வச்சேன்."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்புடி?"

"பருக்கை இருந்துச்சு."

சொர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருஷமா ஊரே ஒங்களச் சொல்லுது. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மனுஷியா நான்? கெளம்புறதுக்கு முன்னாடி எம் மூத்த மககிட்ட சொல்லிட்டேன். வர்ற வழியில மில்லுக்காரருகிட்டயும் சொல்லிட்டுத்தான் வாரேன். கல்யாணத்தன்னைக்குப் பந்தல்ல வச்சு எல்லாருக்கும் சொல்லுவேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா? பழகிப்போச்சு."

"எனக்குப் பழகலையே" என்றாள் அவள்.

சூசைமாணிக்கத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவர் எப்போதும் செய்வதையே செய்தார். வெற்றிலையை எடுத்து அருள்ராணியிடம் கொடுத்துவிட்டு, கூரைத் திரையைக் கொஞ்சம் ஒதுக்கினார். "இங்கிட்டு வந்து உக்காருங்க. ஒரு படம்" என்றார். சொர்ணம் நாற்காலியின் நுனியில், நல்லதம்பி உட்கார்ந்த அதே மாதிரி, பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். அவர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டார். சரிபார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

தலையை வெளியே எடுத்தபோது அவர் கண் சிவந்திருந்தது. லென்ஸ் மூடியில் கை வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் சொர்ணம். "இந்தப் பிளேட்ட அந்தப் பெட்டியில போட்டுறாதீங்க. நான் வந்துட்டேன்."

"சரிம்மா" என்று சொல்லி, மூடியைக் கழற்றி எண்ண ஆரம்பித்தார்.